மிதி, பிடி, விடு

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தாலும் ரப்பர் குழாய்கள் வழியே மெல்ல மெல்ல ஈரம் ஏறும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155தான். மலையிறக்கத்தில் விடாமல் பிரேக் பிடிக்கும்போது அந்தச் சூடு வந்துவிடலாம். ஆயில் கொதித்தால் குமிழி; குமிழி நசுங்கும்; பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

என் தோழி வாரந்தோறும் கோத்தகிரியிலிருந்து இறங்குகிறாள். வண்டி, பழைய சான் ஸ்டார்ம். நம் நாட்டிலேயே செய்த, இரண்டே இருக்கை கொண்ட ஃபைபர் உடல் கார். ஆயில் எப்போது மாற்றியது என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "சார் வரலீங்களா?" என்றார்களாம். வண்டி அவள் பெயரில், அவள் சம்பளத்தில் வாங்கியது. "நாமே பண்ணலாம் வாடி" என்றாள்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே படுத்து நிப்பிளைத் திறந்து மூட. எங்கள் வீட்டு அம்பாசடரில் மிதிப்பது எப்போதும் அம்மா, பிறகு நான். "மிதி, பிடி, விடு" என்று கீழேயிருந்து அண்ணனின் குரல் வரும். என்ன வெளியே வருகிறது என்று அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை.

(ப்ளீடிங், நிப்பிள் இரண்டையும் ஒர்க்‌ஷாப்பில் ஆண்கள் தெருவுக்கே கேட்கும்படிச் சொல்கிறார்கள். எங்கள் கல்லூரி ஓய்வறையில் முதல் சொல் இன்னும் காதோடு காதாகத்தான்.)

1888இல் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் காரோட்டிப் போனார். தொப்பி ஊசியால் குழாய் அடைப்பை நீக்கினார் என்பதை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். வழியில் செருப்புத் தைப்பவரிடம் பிரேக் கட்டைகளுக்குத் தோல் அடிக்கச் சொன்னதும் அவர்தான். ஊசி பெண்ணின் பொருள், அதனால் இனிக்கிறது. பிரேக் பொறியியல் ஆகிவிடுகிறதே!

மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கினோம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தோம்; பழைய வண்டியில் தரைவரை மிதித்தால் உள்ளிருக்கும் ரப்பர் சீல் கிழியலாம். நிப்பிளில் கண்ணாடிபோன்ற குழாய், மறுமுனை பாட்டிலுக்குள். அவள் மிதித்துப் பிடிக்க, நான் திறந்தேன். டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. மூடிய பிறகுதான் "விடு". முன்பே விட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிறுவயதில் கட்டளையாக மட்டுமே கேட்ட சொல்லுக்கு இப்படியொரு காரணம் இருந்திருக்கிறது, ஒருவரும் சொன்னதில்லை.

சொட்டிய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினோம், பெயின்ட்டை அரித்துவிடும். டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றினோம். தேன் நிறம் வரும்வரை மூன்று சக்கரம் முடிந்தது. நான்காவதற்கு அவள் இறங்கிவிட்டாள்.

"நீ போய் மிதிடி. நானும் பார்க்கணும்."

மிதித்துப் பிடித்தேன். கீழே வெகுநேரம் சத்தமில்லை.

"விடலாமா?"

"இரு" என்றாள்.