துவரம்பருப்பளவில் ஒரு சென்சார்

2016-இல் வெளிவந்த ஒரு கேமராவை 2025-இல் கேனன் நிறுவனம் மறுபடியும் கடைக்கு அனுப்பியது. பெயர் இக்ஸஸ் 285 எச்.எஸ்.; அமெரிக்காவில் பவர்ஷாட் எல்ஃப் 360. புதுப் பதிப்பில் பெயருக்குப் பின்னால் ஓர் ‘ஏ’ ஒட்டிக்கொண்டது. லென்ஸ் அதேதான், சென்சாரும் அதேதான். மெமரி கார்டு மட்டும் மைக்ரோ எஸ்.டி.யாகச் சுருங்கியது, வைஃபை வழியே நேராக பிரின்டருக்குப் படம் அனுப்பும் வசதி போயிற்று. அதாவது சேர்த்ததைவிடக் கழித்ததுதான் அதிகம். ஆனாலும் அமெரிக்காவில் விலை முன்பைவிடக் கூடியது.

இதை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் இருபது வயதை ஒட்டியவர்கள். கையில் நல்ல போன் இருக்கிறது. அந்தப் போன் எடுக்கும் படம் ரொம்பச் சுத்தமாக, எல்லாருடைய படத்தையும் போலவே இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய குறை. ஏக்கத்தை நல்ல விலைக்கு விற்கலாம் என்பது கம்பெனிகளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்தக் கையடக்கக் கேமராவை வெறும் பழைய நினைப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அது செய்கிற சில வேலைகளைப் போன் இன்னும் ஒழுங்காகச் செய்வதில்லை. போன் செய்கிற பல வேலைகளை இது எந்தக் காலத்திலும் செய்ததில்லை.

பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து எடை 147 கிராம். பத்து சென்டிமீட்டர் அகலம். சட்டைப்பையில் போட்டால் பை தொங்காது. பொத்தானை அழுத்தினால் லென்ஸ் அடுக்கடுக்காக வெளியே வரும். இந்தச் சின்ன உடம்புக்குள் 12 மடங்கு ஜூம், பெரிய கேமராவின் கணக்கில் 25 மி.மீ. முதல் 300 மி.மீ. வரை. அதே 300 மி.மீ. நெருக்கம் பெரிய கேமராவில் வேண்டுமானால், கேனனின் எஃப் 4 லென்ஸ் ஒன்று மட்டுமே ஏறத்தாழ 1.2 கிலோ. கோபுரத்தின் உச்சி நிலையில் உட்கார்ந்திருக்கும் கிளியை எடுக்க 1.2 கிலோவைச் சுமப்பதா, 147 கிராமை எடுத்துப்போவதா என்றால் பெரும்பாலோர் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததே.

இந்த மாயம் எப்படி? சென்சார் துவரம்பருப்பளவுதான் இருக்கிறது. 6.17 மி.மீ. அகலம், 4.55 மி.மீ. உயரம். ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சார் 36-க்கு 24. பரப்பளவில் முப்பது மடங்கு வித்தியாசம். சென்சார் சிறிதானால் அதை நிரப்பும் லென்ஸும் சிறிதாகலாம். இந்த ‘300 மி.மீ.’யின் உண்மையான குவியத் தூரம் 54 மி.மீ. மட்டுமே. கையடக்கக் கேமராவின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

நல்லதை முதலில் பார்க்கலாம். பூ அடையாளம் போட்ட மேக்ரோவில் வைத்தால், ஒரு சென்டிமீட்டர் தூரம் வரை கிட்டே போகலாம். வரப்போரத்துத் தும்பைப்பூ படச்சட்டத்தை நிறைத்து நிற்கும். அத்தனை கிட்டத்தில் லென்ஸ் குழலின் நிழலே பூவின் மேல் விழும். சற்றுச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு வழிவிட வேண்டும். பெரிய கேமராவில் இதழின் நுனி தெளிந்தால் காம்பு கலங்கும். இங்கே சிறிய சென்சாரின் புண்ணியத்தில் முன்னும் பின்னும் ஓரளவு தெளிவாகவே விழுகின்றன. செடிகொடி, பூச்சி, பழங்காசு என்று ஆவணப்படுத்துகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். முகம் மட்டும் தெளிந்து பின்புலம் கரைய வேண்டும் என்கிற ஆளுக்கு இதே குணம் எரிச்சல்.

பகல் வெளிச்சத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. சாயங்காலம் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் சாயம் வெளுக்கும். அகலக் கோணத்தில் எஃப் 3.6 ஆக இருக்கும் லென்ஸ், முழு ஜூமில் எஃப் 7 ஆகிவிடும். வெளிச்சம் கிட்டத்தட்டக் கால் பங்காகும். ஈடுகட்ட கேமரா தானாகவே ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும், படம் முழுக்கப் புள்ளி விழும். அந்தப் புள்ளிகளைத் துடைக்கப்போய் கேமரா விவரத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். மேடையில் மணப்பெண்ணின் சேலை ஜரிகையில் கண்ணுக்குத் தெரிந்த மயில், படத்தில் வெறும் மஞ்சள் பட்டை. ரா கோப்பாக எடுத்துவைத்துப் பிறகு கணினியில் சரிசெய்யலாமென்றால் இந்த மாடலில் ரா கிடையாது.

அட்டைப்பெட்டியில் 20 மெகாபிக்செல் என்று பெரிதாகப் போட்டிருக்கும். துவரம்பருப்பில் இரண்டு கோடிப் பிக்செல்லை நெருக்கினால் ஒன்றின் அகலம் 1.2 மைக்ரான். ஒளியின் இயல்பால், எஃப் 7-இல் எவ்வளவு நல்ல லென்ஸும் ஒரு புள்ளியை 9 மைக்ரானுக்குக் குறைவாகக் குவிக்க முடியாது. ஏழெட்டுப் பிக்செல் அகலத்துக்குப் பரவுகிற புள்ளியை வைத்துக்கொண்டு 20 மெகாபிக்செல் என்பது, ஜூம் செய்த படத்தைப் பொறுத்தவரை, வெறும் விளம்பரம். இந்தத் துறைக்கு இது தெரியாததல்ல. 2006-இல் ஃபியூஜிஃபிலிம் வெளியிட்ட ஃபைன்பிக்ஸ் எஃப் 30-இல் இருந்தது 6 மெகாபிக்செல்தான். மங்கிய வெளிச்சத்தில் அது எடுத்த படங்களை இன்றும் பழைய ஆட்கள் மெச்சுகிறார்கள். அடுத்த வருஷமே அதே வரிசையில் 12 மெகாபிக்செல் மாடல் வந்தது. கடையில் எண் விற்றது, இருட்டில் பழையதே ஜெயித்தது.

இருட்டில் இக்ஸஸுக்குள்ள ஒரே துணை ஃப்ளாஷ். போனில் இருப்பது எல்.இ.டி. விளக்கு; இதில் இருப்பது செனான் குழாய். கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த பொழுதில் மொத்த வெளிச்சத்தையும் கொட்டித் தீர்த்துவிடும். போனின் இரவு முறை பல பிரேம்களை எடுத்துச் சேர்ப்பது, அதனால் துள்ளுகிற குழந்தையின் கை கலைந்துபோகும். ஃப்ளாஷ் அந்தக் கையை அப்படியே நிறுத்தும். ஆனால் மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் அதன் ஜபம் சாயாது. அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து கச்சேரிக்கு ஃப்ளாஷ் போடுகிறவர்களுக்கு முன் வரிசைத் தலைகள்தான் கிடைக்கும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே குழாய் இருப்பதால், விழித்திரையில் பட்ட வெளிச்சம் நேராகத் திரும்பிவந்து கண்ணைச் சிவப்பாக்கும். காற்றில் மிதக்கும் தூசி வெள்ளை வட்டங்களாக விழும். இவற்றை ஆவி என்று நம்பிச் சட்டம் போட்டு மாட்டியவர்களும் உண்டு. முகம் வெளுத்து, பின்னால் சுவர் கறுத்து நிற்கும் இந்தத் தோற்றத்தைத்தான் அந்தக் காலத்தில் எல்லாரும் திட்டினார்கள். இன்று அதற்காகவே காசு கொடுக்கிறார்கள்.

பேட்டரி கம்பெனி கணக்கில் 180 படங்களுக்கு வரும். முகூர்த்தம் தாண்டினால் பந்திக்குத் தாங்காது, இன்னொன்று பையில் வேண்டும். ஆனால் இதன் சார்ஜ் தீர்ந்தால் வீட்டுக்குப் பேச முடியாமல் போகாது.

ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-இல் 10 கோடிக்கும் மேற்பட்ட கையடக்கக் கேமராக்கள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. 2023-இல் 20 லட்சத்துக்கும் குறைவு. 1995-இல் பின்பக்கத் திரையுடன் க்யூ.வி. 10-ஐக் கொண்டுவந்து வழி காட்டிய கேசியோவே 2018-இல் கடையைக் கட்டிவிட்டது. போன் வந்ததும் முதலில் விழுந்தவை விலை குறைந்த மாடல்கள். அதற்குப் பதிலாக சோனி 2012-இல் ஆர்.எக்ஸ். 100 என்று ஒன்றைச் செய்தது: இக்ஸஸைவிட நான்கு மடங்கு பரப்புள்ள சென்சார், எஃப் 1.8 லென்ஸ், 240 கிராம். கல்யாண மண்டபத்தில் ஜரிகை தப்பியது. ஆனால் ஜூம் 100 மி.மீ.யோடு நின்றது, விலை பல மடங்கு. கோபுரத்துக் கிளி கைக்கு எட்டவில்லை.

இப்போது பழைய சி.சி.டி. சென்சார் கேமராக்களுக்குத் தனி மவுசு. ‘அந்த நிறமே வேறு’ என்கிறார்கள். நிறத்தைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு சென்சார் மேலிருக்கும் வடிகட்டிக்கும், கேமராவுக்குள் படத்தைச் சமைக்கும் மென்பொருளுக்கும், அந்த ஃப்ளாஷுக்கும் உரியது, சி.சி.டி. என்ற மூன்றெழுத்துக்கு இவ்வளவு பெருமை அதிகம். தவிர, சோனி தயாரித்த சி.சி.டி.களில் ஒரு பகுதி, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் பழுதாவது 2005-இல் தெரியவந்தது. கேனன், நிக்கான் உட்படப் பல கம்பெனிகள் இலவசமாக மாற்றிக் கொடுத்தன. சென்னைக் காற்றில் இருபது வருஷம் கிடந்த கேமராவை வாங்குகிறவர் இதை நினைவில் வைப்பது நல்லது.

வாங்கும்போது ஜூமை உள்ளேயும் வெளியேயும் நாலைந்து தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும்; கரகரப்புக் கேட்டால் லென்ஸ் குழலுக்குள் மணல். வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கினால், உள்ளே தூசி புகுந்திருந்தால் கரும்புள்ளி காட்டும். கார்டையும் கவனிக்க வேண்டும்: ஆரம்பகால எஸ்.டி. மாடல்கள் 2 ஜி.பி.க்கு மேல் ஏற்காது, இன்றைய 32 ஜி.பி.யைப் போட்டால் பிழைச் செய்திதான் வரும். எஃப் 30-க்கு வேண்டியதோ எக்ஸ்.டி. கார்டு. அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. கார்டையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.