அடுக்ககச் சங்கத்தை நாமே நடத்தலாமா?

சென்னையின் தென்புறநகரில், பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேராத பகுதியில் இருக்கிறது எங்கள் அடுக்ககம். 24 வீடுகள், அவற்றுள் முஸ்லிம் குடும்பங்கள் ஐந்து. உரிமையாளர் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை மூன்றாண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். இவ்வாண்டுப் பொதுக்குழுவில், நிர்வாகம் முழுவதையும் ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அவர்கள் கேட்டது மாதம் 18,000 ரூபாய், வீட்டுக்கு 750. "தலைவலி விட்டது" என்றார் ஒருவர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பொறுப்பை விரும்பி ஏற்பதில் நமக்குத் தயக்கம் இருப்பது இயல்பே. பொறுப்புகளையும் அனாதைகளின் சொத்தையும் ஏற்காமல் விலகியிருக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் (ஸல்) அறிவுறுத்தியதை நாம் அறிவோம். மறுபுறம், எகிப்தின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி யூசுஃப் (அலை) அவர்களே கேட்டார்கள். காக்கவும் தெரியும், அறிவும் உண்டு என்பதே அவர்கள் காட்டிய தகுதி. நல்ல மனிதராக இருப்பது மட்டும் போதாது என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

தெரிந்துகொள்ள வேண்டியவை சில்லறைச் செய்திகளாகத்தான் தோன்றும். சிறிய அடுக்ககங்களுக்குப் பொதுப்பயன்பாட்டு மின்கட்டணம் 2023இல் யூனிட்டுக்கு 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டபோது எங்கள் கட்டடத்திலும் மகிழ்ந்தார்கள். அச்சலுகை 10 வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாத, மின்தூக்கி இல்லாத கட்டடங்களுக்கே உரியது என்று வீடுவீடாக விளக்கி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2022ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது, அதைப் படித்துப் பார்த்துவிட்டு நேரே வழக்கறிஞரிடம் போனேன். தெரியாததைக் கூலி கொடுத்துச் செய்விப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

பணம் வேறு விஷயம். சங்கத்தின் மூலநிதி வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கிறது. அதற்கு வட்டி வருகிறது. பல சமயத்தார் வாழும் கட்டடத்தில் என் நம்பிக்கையைப் பிறர்மீது சுமத்த இயலாது. ஆலிம் ஒருவரிடம் கேட்டு, அவ்வட்டியில் 24இல் ஒரு பங்கைக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போவதில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதானே!

ஆனால் என் மனத்தில் முடிவை உறுதியாக்கியது, சென்ற மழைக்காலத்தில் நிரம்பி வழிந்த கழிவுநீர்த் தொட்டிதான். லாரி வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கீழ்த்தளத்து வீடுகளில் இருக்கவே முடியவில்லை. உறுப்பினர் ஒருவர் கைபேசியை எடுத்து, இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், உள்ளே இறங்கி அடைப்பை எடுத்துவிடுவார்கள், 1,500 ரூபாய் போதும் என்றார். அவர் கெட்டவர் அல்லர். வயதான தாயார் கீழ்த்தளத்தில் இருந்தார்.

நான் மறுத்தேன். பாதுகாப்புக் கருவிகளின்றித் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் முறைக்கே ஈராண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவ்வாறு இறப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இவற்றைச் சொன்ன பின்னரே பேச்சு ஓய்ந்தது. சட்டத்தைச் சொல்லித்தான் ஓர் உயிரைப் பற்றிப் பேச முடிந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவருடைய தாயாரை இரண்டு நாள் மேல்மாடி வீடொன்றில் தங்கவைத்தோம். லாரி மூன்றாம் நாள்தான் வந்தது.

அன்றிரவு எனக்கு ஒன்று தோன்றியது. நிர்வாகம் நிறுவனத்திடம் இருந்திருந்தால், அந்த அழைப்பை அவர்களுடைய மேற்பார்வையாளர் செய்திருக்கக்கூடும். நம்மில் யாருக்கும் தெரிந்திராது. மாதக் கடைசியில் பட்டியலில் 'தொட்டி சுத்தம், 1,500' என்று ஒரு வரி இருந்திருக்கும். நாம் பணம் கட்டியிருப்போம்.

ஆகவே பொதுக்குழுவில் நான் வைத்த யோசனை இதுதான்: காவலும் துப்புரவும் நிறுவனத்துக்குப் போகட்டும், அதற்கு 8,000 ரூபாய் கொடுப்போம். வங்கிக் கணக்கும், ரசீதுப் புத்தகமும், தொட்டியின் மூடியைத் திறக்கும் அனுமதியும் சங்கத்திடமே இருக்கட்டும். 15 பேர் கை உயர்த்தினார்கள். மற்றவர்கள் ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்கள், அதுவும் நியாயமே.

அடுத்த பொருளாளராக முதல் மாடி அம்மையார் ஒருவரை முன்மொழிந்திருக்கிறேன். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மூன்றாண்டு ரசீதுகளும் தேதி வரிசையில் தம் கைக்கு வந்தால்தான் ஏற்பேன் என்கிறார். இஷாவுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் அவற்றை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஓராண்டுக்குரியவை மீதமிருக்கின்றன.