வெள்ளைக்கு மை கிடையாது

மைசூரு அக்ரஹாரத்தில் ஒரு சந்துக் கடையில் உட்கார்ந்து இருபது வருஷமாக ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். வேலை பழக வரும் பையன்களிடம் முதல் நாளே கேட்பேன்: "நம்ம மிஷின்ல எத்தனை கலர்?" சயான், மெஜந்தா, யெல்லோ, பிளாக் என்று நாலையும் சொல்லிவிடுவார்கள். "அப்போ பல்லு எப்படி வெள்ளையா வருது?" என்றால் முழிப்பார்கள். வெள்ளைக்கு மை கிடையாது. அது ஷீட்டின் வெள்ளை. எங்கே மை விழக்கூடாது என்று தெரிந்தவனுக்குத்தான் இந்த வேலை படியும்.

எனக்கு இதைக் காட்டியவர் போர்டு எழுதும் வாத்தியார். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜகன்மோகன் அரண்மனை ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப்போய், ஹல்தன்கர் வரைந்த விளக்கேந்திய பெண்ணின் முன்னால் நிறுத்தினார். "இது வாட்டர்கலர். அந்த வெளிச்சத்துக்கு என்ன கலர் போட்டிருப்பாரு?" மஞ்சள், ஆரஞ்சு என்று அடுக்கினேன். "போட்டதை அப்புறம் பாக்கலாம். கை எங்க அடங்கியிருக்குன்னு பாரு. சுத்தி இருட்டைக் கட்டிட்டு, நடுவுல பேப்பரைப் பேசவிட்டிருக்காரு" என்றார். அது மண்டையில் ஏற எனக்குப் பல வருஷம் ஆனது.

தொடக்கத்தில் எதையும் கூட்டித்தான் போட்டேன். கறுப்பு அடர்த்தியாக வரட்டும் என்று நாலு கலரையும் நூறு நூறாக வைத்தேன். மொத்தம் 400 சதவீதம். ஷீட் அவ்வளவு சால்வென்ட் மையைக் குடிக்காது. ஈரம் காயுமுன் ரோல் சுற்றினோம். பிரித்தபோது கறுப்பு உரிந்து பின்பக்கத்தில் ஒட்டியிருந்தது. வெறும் பிளாக் 100 மட்டும் வைத்தால் வெயிலில் சாம்பலாகத் தெரியும். இப்போது சயான் 60, மெஜந்தா 40, யெல்லோ 40, பிளாக் 100 வைக்கிறேன். 240-ல் கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது.

நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்குக் கன்னடக் கொடியின் மஞ்சளும் சிவப்பும்தான் ஊரெங்கும். அந்த மஞ்சளில் ஐந்து சதவீத சயான் ஒளிந்திருந்தாலும் பச்சை தட்டிவிடும். கண்ணை நம்பாமல் எண்ணைப் பார்த்து சயானைப் பூஜ்யமாக்க வேண்டும். கன்னட எழுத்துக்கு வேறு கவனம் உண்டு. தமிழ் வரியைப் போல நெருக்கி அடுக்கினால் கூட்டெழுத்தில் கீழே தொங்கும் ஒத்தக்ஷரம் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். வரிக்கு வரி இடம் விட வேண்டும். ஃபைலை மிஷினுக்கு அனுப்புமுன் எழுத்தையெல்லாம் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அங்கே ஃபான்ட் மாறி, ஒரு பெயர் வேறு பெயராகிவிடும்.

ஓரத்திலும் இடம் விட வேண்டும். ஒருமுறை கல்யாண பேனரில் மாப்பிள்ளை பெயரை விளிம்புவரை இழுத்துவிட்டேன். ரீப்பர் கட்டையில் மடித்து ஆணி அடித்ததும் கடைசி எழுத்து கட்டைக்குப் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து நாலு பக்கமும் மூன்று அங்குலம் வெறுமையாக விடுகிறேன். கயிறு கோக்கும் ஐலெட் வளையம் அடிக்கவும் அந்த இடம் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில் நடந்தது. ஆறடி உயரப் படத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ 1600 பிக்சல். 72 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 22 புள்ளிதான் மிஞ்சும். ஆள் உயரத்தில் கட்டும் பேனருக்கு நிஜ அளவில் 72 புள்ளியாவது வேண்டும். ஆல்பத்திலிருந்த 4க்கு 6 பிரின்ட்டை வாங்கி அங்குலத்துக்கு 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தேன். அதுவரை சரி. பிறகு சுருக்கத்தை அழித்தேன், கன்னத்தை வெளுத்தேன், கண்ணைக் கூர்மையாக்கினேன். பேனர் முன் வந்து நின்ற மகள், "அண்ணா, அம்மா எங்க?" என்று கேட்டார். அந்த ராத்திரியே என் செலவில் மறுபடி அடித்தேன். பிரின்ட்டில் விழுந்த கீறலையும் பூஞ்சைப் புள்ளியையும் மட்டும் எடுத்தேன். முகத்தில் வயசு போட்ட கோட்டில் கை வைக்கவில்லை.

2016-ல் கர்நாடக அரசு பிளாஸ்டிக் ஃபிளெக்ஸுக்குத் தடை போட்ட பிறகு துணிக்கும் கை பழக்கினேன். துணி மையை உறிஞ்சிப் பரத்தும். கோட்டை மெலிதாக்கி, எழுத்துக்குள் இருக்கும் ஓட்டையை அகலப்படுத்தினால்தான் துணியில் அளவாக வரும். ஃபிளெக்ஸைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவைக்க வேண்டும்.

வாத்தியார் எதை முடித்தாலும் தெருவின் எதிர்ப்பக்கம் போய், கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். நானும் ஓரடித் துண்டு அடித்து, உச்சி வெயிலில் மாட்டி, அப்படியே பார்க்கிறேன். புதுப் பையன்களுக்கு முதல் மாதம் மவுஸ் கிடையாது. அடித்து மிஞ்சிய துண்டும் ஒரு லென்ஸும் கொடுக்கிறேன். கண்மணியின் மினுக்கில், மூக்கின் நுனியில், பல்லில், புள்ளி விழாத இடங்களைத் தேடிப் பேனாவால் வட்டம் போடச் சொல்கிறேன். அந்த வட்டங்களைத் தப்பில்லாமல் போடுகிறவனுக்கு ஃபைலைத் திறந்து கொடுக்கிறேன்.