காதுக்குள் சில்வண்டு

எட்டு மாதமாக என் இடது காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. வாடகையும் தருவதில்லை, காலி செய்வதுமில்லை. பகலில் பரவாயில்லை. ராத்திரி கரண்ட் போய் மின்விசிறி நின்றால்தான் அதன் முழுக் கச்சேரியும் கேட்கும்.

31 வருஷம் நூற்பாலையில் ரிங் ஃபிரேம்களுக்கு நடுவே நின்றவனுக்குக் காது இரைவதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு காதில் மட்டும் என்பதால், நரம்பில் கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார் டாக்டர். இரைச்சல்காரனை அந்த 'டடக் டடக்' குழாய்க்குள் படுக்கவைத்தது தனிக் கூத்து! ரிப்போர்ட் நார்மல். நிம்மதிதான். ஆனால், "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லையேப்பா, எல்லாம் மனப்பிரமை" என்று மகன் சொன்னது வண்டைவிட அதிகமாகக் குடைந்தது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1998-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் லாக்வுட், சால்வி என்ற ஆய்வாளர்களின் குழு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. பிறருக்குக் கேட்காத சத்தத்தை எப்படி ஆராய்வது? தாடையை இறுக்கினால் இரைச்சல் கூடவோ குறையவோ செய்கிற சிலர் உண்டு. அப்படி 4 பேரைப் பிடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரைச்சல் இல்லாத 6 பேர். கருவி, பெட் ஸ்கேன். எம்ஆர்ஐ எனக்கு எடுத்தது வீட்டின் பிளான் மாதிரி. இது எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று காட்டுவது. மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது, குறைகிறது என்று அதில் தெரியும்.

வெளியிலிருந்து ஒரு காதுக்குள் ஒலி கொடுத்தால் மூளையின் இரண்டு பக்கமும் விழித்துக்கொண்டது. தாடையை இறுக்கி இரைச்சலை மாற்றியபோதோ, இரைகிற காதுக்கு எதிர்ப்பக்கம் மட்டும் மாறியது. அதாவது சத்தம் காதில் பிறக்கவில்லை, உள்ளே மூளையின் கேள்விப் பாதையில் பிறக்கிறது. இன்னொன்றும் பார்த்தார்கள். அவர்களுக்குக் கேட்கும் பகுதியோடு உணர்ச்சிகளைக் கவனிக்கும் பகுதியும் வழக்கத்துக்கு மாறாகப் பிணைந்திருந்தது. வெறும் 'ங்ஙொய்' சத்தத்துக்கு ஏன் இவ்வளவு அழுகை வருகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

நாலே பேர்தான். அதை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது, மருந்தும் அதிலிருந்து வந்துவிடவில்லை. ஆனாலும் எனக்கு அந்த நாலு பேர் போதும்.

மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்களுக்குப் பல்லைக் கடிச்சா மாறுதாப்பா?" என்றான். கடித்துப் பார்த்தேன். கூடுகிறது.