இரண்டு மரக்கால்

‘மரக்கால்’ என்ற சொல்லை நான் முதன்முதலில் கற்றது ஜுருவில், தமிழ்ப்பள்ளி வகுப்பறையில். பழந்தமிழரின் அளவைகளை ஆசிரியர் பலகையில் எழுதிப் போட்டார். 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். பார்க்காமல் ஒப்புவித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அடியோடு மறந்தும் போனேன். அதே சொல் ஒருநாள் எங்கள் வீட்டு வரவேற்பறைக்கே வந்து, என் அத்தையை வெளியே அனுப்பும் என்று அன்று எனக்குத் தெரியாது.

2018ஆம் ஆண்டு. நான் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்திற்கு வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். சகரியா தீர்க்கதரிசியின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தார். அதில் ஒரு தரிசனம். மரக்கால் ஒன்று தோன்றுகிறது. அதன் வாயை மூடியிருந்த ஈய மூடி உயர்கிறது. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் அக்கிரமம் என்று தூதன் சொல்லி, அவளை உள்ளே தள்ளி மூடிவிடுகிறான். நாரையின் இறக்கைகளைக் கொண்ட இரண்டு பெண்கள் வந்து அந்த மரக்காலைச் சிநெயார் தேசத்திற்கு, அதாவது பாபிலோனுக்கு, தூக்கிச் செல்கிறார்கள்.

வீட்டுக்கு அடங்காத பெண்ணே அந்த அக்கிரமம் என்று போதகர் விளக்கினார். அவளை அகற்றாத குடும்பத்தின்மேல் நியாயத்தீர்ப்பு வரும் என்றார். குடித்துவிட்டு அடிக்கும் கணவரை விட்டு, இரண்டு மாதங்களாக எங்களோடு தங்கியிருந்த அத்தை கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த வாரமே அத்தை சுங்கை பட்டாணியில் வாடகை அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய அழைப்புகளை நானும் எடுக்கவில்லை. எனக்கு வயது பதினைந்து. நியாயத்தீர்ப்பை நினைத்துப் பயந்தேன்.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான், ஒரு விடுமுறையில் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். மரக்காலுக்கு முன்னால் இன்னொரு தரிசனம் இருக்கிறது. 20 முழ நீளமும் 10 முழ அகலமும் கொண்ட ஒரு சுருள் பறந்து வருகிறது. அது யார் வீட்டுக்குள் நுழைகிறது தெரியுமா? திருடன் வீட்டிலும், கடவுளின் பெயரால் பொய்யாணை இடுகிறவன் வீட்டிலும்தான். மரத்தையும் கல்லையும் விடாமல் அழிக்கிறது. அதிகாரத்தின் தொடக்கமே ஏமாற்றுக்காரர்களைப் பற்றியது. அதை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை.

அப்படியானால் மரக்கால் எதற்கு? எபிரேய மூலத்தில் இருப்பது ‘ஏபா’ என்ற தானிய அளவை. தமிழில் பெயர்த்தவர்கள் அதற்கு நம் மரக்காலைத் தந்தார்கள். ஏபா ஏறத்தாழ 22 லிட்டர் கொள்ளும் என்று பலர் கணக்கிடுகின்றனர். ஒரு பெண் அதற்குள் உட்கார முடியாது. இது அடையாளம் என்பதை அந்த அளவே சொல்லிவிடுகிறது. சகரியாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர் ஆமோஸ். ஏபாவைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி ஏழைகளை ஏமாற்றும் வணிகர்களை அவர் கண்டித்தார். மீகாவும் குறைந்த மரக்காலைச் சாடினார். கி.மு. 519 வாக்கில், பாபிலோனிலிருந்து திரும்பி ஆலயத்தை மீண்டும் கட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு, பாவம் அளக்கும் பாத்திரத்திற்குள் இருப்பதாகக் காட்டினால் எது நினைவுக்கு வந்திருக்கும்? கள்ள அளவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சிலை வழிபாட்டைத்தான் இது குறிக்கிறது என்போரும் உண்டு. பாபிலோனில் அதற்கு வீடு கட்டிப் பீடத்தில் வைப்பார்கள் என்று தரிசனம் முடிவது அவர்களுக்குச் சான்று.

எப்படிப் பார்த்தாலும், ஏன் ஒரு பெண்? தமிழ் மொழிக் கழகத்தைச் சேர்ந்த நமக்கு இது சுவையான கேள்வி. தமிழில் அக்கிரமம் அஃறிணை, ‘அது’ என்போம். எபிரேயத்தில் அஃறிணை போன்ற பால் கிடையாது. ஆண்பால், பெண்பால் இரண்டே. அக்கிரமத்தைக் குறிக்கும் சொல் அங்கே பெண்பால். அதனால் அது உருவம் எடுக்கும்போது பெண்ணாக வருகிறது. நீதிமொழிகளில் ஞானமும் பெண்ணாக வருவது இப்படித்தான். அந்தப் பாவத்தைச் சுமந்து அகற்றுகிறவர்களும் பெண்களே. ஓர் இலக்கணப் பாலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒரு மனுஷியைத் தண்டித்திருந்தோம்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். அவர் இளம் வயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஏபாவும் எபிரேயமும் அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. கள்ள அளவை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பால் நிறுக்கிற எடத்துல நாங்க படாததா? தூக்கிட்டுப் போறது ஒண்ணு, கிராணி புக்குல ஏறுறது ஒண்ணு. கேட்டா, தண்ணி கலந்துட்டேன்னு சொல்லுவாங்க.”

மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். கூலி அதைப் பொறுத்தது. கருவியின் எண்ணைப் படிக்கத் தெரியாதவர்கள், எழுதியதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு உபாகமம் 25ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். ஒரே வீட்டில் பெரிதும் சிறிதுமாக இரண்டு மரக்கால் வைத்திருக்கக் கூடாது என்பது அங்குள்ள கட்டளை. வாசிக்கும்போதே எனக்குக் குரல் இறங்கியது. ஏனென்றால் எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன. சித்தப்பா மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஈராண்டுகள் காணாமல் போனார். திரும்பி வந்த அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தோம். அத்தை உயிருக்குப் பயந்து வந்தார். அவருக்கு ஓர் அதிகாரத்தைத் திறந்து வைத்தோம். சான்றோருக்குத் துலாக்கோலை உவமையாக்கிய வள்ளுவரின் ‘நடுவு நிலைமை’யைப் பள்ளியில் மனனம் செய்தவள்தான் நானும்.

பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவ நம்பர் வச்சிருக்கியா?” என்று கேட்டார்.

வைத்திருந்தேன். அழைத்துக் கொடுத்தேன். “சாப்பிட்டியா?” என்பதுதான் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு பாட்டி தம் மகளிடம் கேட்ட முதல் கேள்வி. அடுத்து நான் பேசினேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, பரீட்சையைப் பற்றிப் பேசினேன். அடுத்த விடுமுறையில் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

அத்தை இன்னும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வரச் சொல்லும் உரிமையும் எங்களுக்கு உடனே வந்துவிடாது. நண்பர்களே, நம் சமய நூல்கள் எதுவானாலும், பாவத்தைப் பற்றிய ஒரு காட்சியை யாராவது விளக்கும்போது, அது யாரைச் சுட்டுகிறது என்று தேடுவதற்கு முன், நம் கையில் இருக்கும் மரக்காலை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். நான் பார்க்கத் தவறினேன்.