நிறையும் குறையும்

உடல் நலிந்தோர் மலையேறி நலம்பெறுதல் நுவரெலியாவுக்குப் புதிய வழக்கமன்று. 1819 ஆம் ஆண்டில் ஜோன் டேவி என்னும் ஆங்கிலேய வைத்தியர் இம்மேட்டுநிலத்தைக் கண்டு அதன் குளிர்ச்சியை வியந்தார். அதனையடுத்த பத்தாண்டின் இறுதியில் தேசாதிபதி எட்வர்ட் பாண்ஸ் நோயுற்ற படைவீரர் தங்கித் தேறுமிடமாக இதனை அமைத்தார். பின்னர் வந்த சாமுவேல் பேக்கர் காட்டுக் காய்ச்சலால் எலும்பும் தோலுமாக இங்கு ஏறி, இரு வாரங்களுள் உடல் தேறிய செய்தியைத் தாம் 1855 இல் வெளியிட்ட நூலிலே கூறுகிறார். பேக்கர் நாடி வந்தது இழந்த சதையை மீட்பதற்கு. இன்று அதே மலைகளுக்குப் பணம் செலுத்தி வருவோரில் ஒரு சாரார் சேர்ந்த சதையை இழப்பதற்கு வருகின்றனர்.

அத்தகையோருள் ஒருவர் கொழும்பிலே திணைக்களமொன்றில் உயர்பதவி வகிப்பவர், ஐம்பதைக் கடந்தவர். நீரிழிவு அவரைப் பற்றிப் பத்தாண்டுகளாகின்றன. மாத்திரையின் அளவு ஆண்டுதோறும் ஏறிவந்தது. எடையும் அதனோடு போட்டியிட்டு ஏறிற்று. ஈற்றில் வைத்தியரின் கண்டிப்புக்கும் மகளின் வற்புறுத்தலுக்கும் இணங்கி, நான்கு வாரம் தங்கியிருந்து எடை குறைக்கும் இல்லமொன்றில் அவர் சேர்ந்தார். ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பெருவழியை விட்டு விலகி, 4,500 அடிக்கு மேலே, முன்னர் துரை பங்களாவாக விளங்கிய கட்டடத்தில் அவ்வில்லம் நடைபெறுகிறது. புல்தரை, சைப்பிரஸ் வேலி, கணப்படுப்பு யாவும் பழையபடியே உள்ளன. துரையின் அலுவலறையில் இப்போது எடை பார்க்கும் இயந்திரம் இருக்கிறது.

அவ்வறையின் வாயிலில் நின்றபோது அவருக்குக் கால் தயங்கியது. அதற்குக் காரணம் இயந்திரமன்று. அவர் பிறந்தது அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தில். அவருடைய தந்தையார் இத்தகைய அறையின் வாயிலுக்கு அப்பால் ஒருநாளும் அடிவைத்ததில்லை. லயத்துக் காம்பராவிலிருந்து தோட்டப் பாடசாலை, அங்கிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து பேராதனை என்று ஏறிச் சென்றவர், முப்பது ஆண்டுகளின் பின் விருந்தினராக அறைக்குள் நுழைந்து, காலணியைக் கழற்றி, இயந்திரத்தின் மீது ஏறினார். 94.6 கிலோ. பயிற்சியாளரான இளைஞர் அதனைப் படிவத்தில் எழுதினார். உயரம், இடுப்புச் சுற்றளவு, குருதியமுக்கம் ஆகியவற்றை எழுதிய பின், ‘பிறந்தபோதிருந்த எடை’ என்றொரு கேள்வி வந்தது. தெரியாது என்றார். இளைஞர் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றார்.

பெருத்த உடல் துரை பங்களாக்களுக்குப் பழக்கமானதே. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையை நட்ட ஜேம்ஸ் ரெயிலர் 246 இறாத்தல் நிறையுள்ளவர் என்பர். 1892 இல் அவர் இறந்தபோது இருபத்துநான்கு பேர், பன்னிருவர் பன்னிருவராக முறைமாறி, அவருடலைக் கண்டி மஹையாவ மயானத்துக்குச் சுமந்து சென்றனராம். சுமந்தவர்களின் எடை எவ்வளவென்று கூறுவாரில்லை.

முதல்நாள் வைகறை ஐந்தரை மணிக்கு எழுப்பினர். வெந்நீர், மூச்சுப் பயிற்சி, பின்னர் தேயிலை மலைகளினூடே ஐந்து கிலோமீற்றர் நடை. காலையில் குரக்கன் கஞ்சி, நண்பகலில் அவித்த காய்கறியும் பருப்பும் கைப்பிடியளவு சிவப்பரிசிச் சோறும், இரவில் சூப். எல்லாம் சேர்ந்து 1,200 கலோரி. வீட்டிலே அவர் உண்டது இதன் இருமடங்குக்கு மேலிருக்கும். தேநீர் உண்டு, சீனியும் பாலும் இல்லை. நாளைக்கு ஆறு முறை பால் தேநீர் அருந்திப் பழகியவருக்கு இரண்டாம் நாள் பிற்பகல் தொடங்கிய தலைவலி மறுநாள் இரவு வரை நீங்கவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருந்துகொண்டு ஒரு கோப்பை நல்ல தேநீருக்கு ஏங்குவது வேடிக்கைதான். ஆனால் தோட்ட மக்களுக்கு அதுவும் பழைய கதை. உயர்தரத் தேயிலை கப்பலேறிவிட, எஞ்சிய தூளில் ஊற்றிய சாயத்தைக் குடித்து வளர்ந்தவரே அவரும். உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்து நக்கிக்கொண்டே அச்சாயத்தைக் குடித்த பழக்கம் அவருக்கு நினைவில் வந்தது. இப்போது அந்த உள்ளங்கைச் சீனியும் விலக்கு.

மூன்றாம் நாள் தொடைகள் கல்லாயின. ஏற்றத்தில் மூச்சு வாங்குமேயன்றி நோவு பெரிதில்லை. இறக்கமே தசையைப் பிழிவது. இறங்கும்போது தொடைத்தசை உடலின் பாரத்தைத் தாங்கியவாறே நீளவேண்டியிருத்தலால் அதன் நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. நோவு உடனே தெரிவதில்லை. ஒருநாள் கழித்துத் தொடங்கி மூன்றாம் நாள் வரை ஏறும். அன்று காலை அவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டாக இறங்கினார். அதே வேளையில் எதிரிலிருந்த மலையின் சரிவிலே, தலையிற் கயிறு மாட்டி முதுகிற் கூடை தொங்க, இடுப்பிற் படங்கு சுற்றிய பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தனர். பயிற்சியாளர் ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் அடிகளை எண்ணும் கருவியொன்றை மாட்டியிருந்தார். பத்தாயிரம் அடியானால் அது மணியொலி எழுப்பும். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்த கோப்பிக்கால முன்னோரின் அடிகளை எண்ணியிருந்தால் எத்தனை முறை ஒலித்திருக்கும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

இரவில் கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்த பன்னிரு விருந்தினரும் பேசியது உணவைப் பற்றியே. ஒருவர் வெள்ளவத்தையிலுள்ள கடையொன்றின் கொத்துறொட்டியைக் கால்மணி நேரம் வருணித்தார். கண்டியிலிருந்து வந்த அம்மையார் தமது பாட்டியின் பலகாரக் குறிப்புகளை ஒப்புவித்தார். பசி மனிதரை இவ்வாறு ஆக்கும் என்பது ஆராய்ச்சியில் நிறுவப்பட்டதே. 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் முப்பத்தாறு இளைஞர்களுக்கு இருபத்துநான்கு வாரம் அரைவயிற்று உணவளித்து ஆராய்ந்தபோது, அவர்களுட் சிலர் பிற அக்கறைகளை இழந்து சமையல் நூல்களைச் சேர்க்கத் தலைப்பட்டனர். இவ்வில்லத்தின் பசி அத்துணைக் கொடியதன்று. முடியும் நாள் தெரிந்த பசி அது. அவர் மட்டும் உரையாடலிற் கலந்துகொள்ளவில்லை. அவர் மனத்தில் நின்றது கோதுமை மா றொட்டியும் கட்டைச் சம்பலும். அதனை அந்தச் சபையில் எப்படி வருணிப்பது?

ஐந்தாம் நாள் நடை கொழுந்து நிறுக்கும் இடத்தைக் கடந்து சென்றது. பங்களாவின் இயந்திரத்தைப் போலன்றி, அங்கே தராசு கொக்கியில் தொங்கியது. பெண்கள் பையை மாட்ட, கணக்கப்பிள்ளை எண்ணைப் படித்து, ஈரத்துக்கென்றும் பைக்கென்றும் ஒரு பங்கைக் கழித்துப் பதிந்தார். நடை களைத்து ஓரமாக நின்ற அவரை ஒரு முதிய பெண் ஏற இறங்கப் பார்த்தார்.

“பங்களாவுல தங்கியிருக்கீங்களாங்க, ஐயா? என்னா இம்புட்டு வேர்வை?”

“எடை குறைக்க வந்திருக்கேன், அக்கா. நடந்தா குறையுமாம்.”

தோட்டத்துத் தமிழைக் கேட்டதும் அப்பெண்ணின் முகம் மாறியது. சற்றுச் சிரித்துவிட்டு, “குறைஞ்சா ஒங்களுக்கு நல்லதுங்க. எங்களுக்கு எடை குறைஞ்சா அரைப்பேருங்க” என்றார்.

தோட்டத்திலே குறித்த கிலோ நிறைந்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைநாட் சம்பளம். அக்கிலோ பதினெட்டு, இருபது எனத் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அவருடைய தாயார் முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தத் தராசின் முன் நின்றவர். அவ்வம்மையாருக்கு எடை என்றால் கூட வேண்டிய பொருள். அது கொழுந்தானாலும் பிள்ளையானாலும் ஒன்றே. பேராதனையிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்த மகனின் கன்னத்தைத் தடவி, ‘சதை போட்டிருக்கான்’ என்று லயம் முழுவதும் சொல்லித் திரிந்தார். அவர் வயிறு பருத்தபோதும் அதையே சொன்னார். வைத்தியர் குறையென்று கண்ட ஒவ்வொரு கிலோவும் அத்தாய்க்கு நிறையாகவே தெரிந்தது.

இவ்விடத்தில் அவர் பிறந்த ஆண்டைக் கூறுதல் வேண்டும். அது 1974. உலகச் சந்தையில் எண்ணெயும் கோதுமையும் விலையேற, அந்நியச் செலாவணியின்றி நாடு தவித்த காலம். பங்கீட்டு மாவும் அரிசியும் சுருங்கின. காணியில்லாத தோட்ட மக்கள் அடுப்பில் வைப்பதற்கு இலை, கிழங்குகளைத் தேடினர். பலர் நகரங்களுக்குச் சென்று கையேந்தினர். அவ்வாண்டில் தோட்டப்புறங்களின் இறப்பு விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிகவும் உயர்ந்தது. இறந்தோரில் குழந்தைகள் பலர். அவருக்கு முன் பிறந்த ஒரு பிள்ளை அவ்வாண்டு தப்பவில்லை. வயிற்றிலிருந்த அவர் தப்பினார்.

தப்பிய உடல் அந்தப் பசியை மறந்துவிடுகிறதா? இங்கிலாந்தின் ஹார்ட்போட்சயரில் 1911 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைத் தாதியர் பேரேடுகளில் எழுதி வந்தனர். பல பத்தாண்டுகளின் பின் டேவிட் பார்க்கர் என்னும் வைத்திய அறிஞர் அப்பேரேடுகளை எடுத்து, அக்குழந்தைகள் முதுமையில் என்னவாயினர் எனத் தேடினார். எடை குறைந்து பிறந்தோரிடையே இதயநோயும் நீரிழிவும் மிகுந்திருக்கக் கண்டார். கருவிலே உணவு தட்டுப்பட்ட உடல் சிக்கனத்துக்குப் பழகிவிடுகிறது, பிற்காலத்தில் உணவு பெருகும்போது அச்சிக்கனமே கேடாகிறது என்பது 1992 இல் அவரும் ஹேல்சும் முன்வைத்த கருத்து. பூனா நகரத்துக் குழந்தைகளை ஆராய்ந்த யாஞ்னிக், அவை ஆங்கிலக் குழந்தைகளைவிட எடையிற் பெரிதும் குறைந்திருந்தும் கொழுப்பில் அத்துணைக் குறையவில்லை என்று 2003 இற் காட்டினார். மெலிந்த குழந்தைக்குள்ளே பருத்த மனிதன் பிறக்கும்போதே ஒளிந்திருக்கிறான் போலும்! இதைக் கொண்டு ஒருவரின் நோயை 1974 இன் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆறு வேளைப் பால் தேநீருக்கும் அலுவலக நாற்காலிக்கும் அதில் பங்குண்டு. எனினும், எடை கூடுதல் அடங்காத நாவின் குற்றமே என்று பயிற்சியாளர் நாள்தோறும் ஆற்றிய உரை முழு உண்மையாகாது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்; தோட்டப்புறத்தில் இத்தொகை முப்பத்திரண்டு. நாளை நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களின் வாயிலில் நிற்கப்போவோர் பலர் இன்று பிள்ளைக் காம்பராவிலே தொட்டிலில் கிடக்கின்றனர்.

ஆறாம் நாள் மழை, உள்ளே பயிற்சி. ஏழாம் நாள் காலை யாவரும் மீண்டும் நிறுக்கப்பட்டனர். அவர் 91.7 கிலோ. மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான இழப்பு. எல்லோரும் கைதட்டினர். உண்மையில், முதல் வாரத்தில் இறங்குவதிற் பெரும்பகுதி நீர். உணவு குறைந்ததும் ஈரலும் தசையும் சேமித்து வைத்த கிளைக்கோசன் செலவாகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் மூன்று கிராமளவு நீரைப் பிடித்து வைத்திருப்பது. அந்த நீரும் உடன் வெளியேறுகிறது. ஒரு கிலோ கொழுப்பு கரைவதற்கு ஏறத்தாழ 7,700 கலோரி குறையவேண்டும். ஒரு வாரத்தில் அவருக்குக் கரைந்தது ஒன்றரைக் கிலோவுக்கு மேலிராது. தோட்டத்துத் தராசு ஈரத்தைக் கழித்தே பதியும். பங்களாவின் இயந்திரத்துக்கு அக்கணக்குத் தெரியாது. அவர் இதனைக் கூறியபோது பயிற்சியாளர் சிரித்துவிட்டு, மூன்று கிலோ என்றே எழுதினார். குருதியிலுள்ள வெல்லத்தின் அளவு இறங்கியிருந்தது மட்டும் கழிவில்லாத ஆதாயம். மாத்திரையில் ஒன்றை நிறுத்தலாமென வைத்தியர் தொலைபேசியில் அறிவித்தார்.

ஞாயிறு மாலையில் மட்டும் விருந்தினர் தம் தொலைபேசியைப் பெற்றுக்கொள்ளலாம். அவர் மகளுடன் பேசிய பின், ஹட்டனில் வாழும் தமக்கையை அழைத்தார். தாயார் மறைந்தபின் குடும்பத்தின் பழங்கதைகள் தமக்கையிடமே உள்ளன.

“அக்கா, நான் பொறந்தப்ப எவ்வளவு எடை இருந்தேன்?”

“எடையெல்லாம் யாரு தம்பி பார்த்தா? கொழுந்தைத்தானே நிறுப்பாங்க” என்றார் தமக்கை. “ரெண்டு உள்ளங்கைக்குள்ள அடங்கிட்டேன்னு அம்மா சொல்லும். நான்தான் துணியில சுத்தி அடுப்புப் பக்கத்துல வச்சிக்கிட்டிருந்தேன். ஏன் இப்பப் போயி கேக்கிற?”

படிவத்துக்கு வேண்டும் என்றார்.

“சரி, சாப்பிட்டியா?”

மேசையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டேன் என்றார்.