தலைவிதியும் நாம் எழுதிய விதியும்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்த நாம், இன்று கோலாலம்பூரில் கணினிக்குக் கட்டளை எழுதிப் பிழைக்கிறோம். மென்பொருள் ஆக்கம் என்னும் இத்தொழிலை நமக்குக் கற்பித்தது கல்லூரி. அதன் பொறுப்பைக் கற்பித்தவரோ ஒரு தோட்டத்து மூதாட்டியார். அவ்வரலாற்றை வாசகர்க்குக் கூறுதல் நம் கடமையாகும்.

சில ஆண்டுகட்கு முன், மருத்துவ உதவி நாடுவோரின் பெயரைப் பதியும் கணினிப் படிவமொன்றை ஆக்கினோம். பெயரில் ரோமன் எழுத்தும் இடைவெளியுமன்றி வேறெதுவும் வரலாகாதென விதி வகுத்தோம். காரணமின்றியன்று. பெட்டிக்குள் பெட்டி வைத்தாற்போல் கணினி தன் கோப்புகளை அடுக்குகிறது. ஒரு பெட்டியை அடுத்ததினின்று பிரிக்கும் குறியே சாய்கோடு. ஒருவர் பெயரையே கோப்பின் பெயராக இட்டால், சாய்கோடு வருமிடத்தில் அது இரண்டாய்ப் பிளந்துவிடும். ஆதலின் அக்குறியைத் தடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கினோம்.

படிவம் நடைமுறைக்கு வந்த அன்று பார்வையிடச் சென்றோம். விடியுமுன் பஸ் ஏறி வந்த அம்மூதாட்டியார் அடையாள அட்டையை நீட்டினார். நம்மவர் பெயரில் தந்தை பெயருக்கு முன் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என வருவதை அறியாதார் யார்? மகன், மகள் எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கமன்றோ அவை! அட்டையில் உள்ளவாறே தட்டினாள் முகப்பிலிருந்த பெண். ‘பெயர் தவறு’ என்றது கணினி. மும்முறை தட்டியும் அதே விடை.

“தம்பி, பிறந்ததிலேருந்து இதுதான் என் பேரு. இன்னிக்கு எப்படித் தப்பாப் போச்சு?” என்று நம்மை நோக்கினார். நாம் வாய் திறக்குமுன், “எல்லாம் என் தலைவிதி” எனத் திரும்பி நடந்தார்.

நாணத்தால் தலை குனிந்தோம். நம் பெயரிலும் அதே சாய்கோடு உண்டே! நம்மையே ஏற்காத படிவத்தை நம் கையாலேயே எழுதியிருந்தோம். பாடநூல்களிற் கண்ட ஆங்கிலப் பெயர்களையிட்டுச் சோதித்தோமன்றி, நம் தந்தையார் பெயரை ஒருமுறையேனும் இட்டுப் பார்த்தோமில்லை.

1929-ம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டத்தை விடுமாறு தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் வந்தார். மனிதர் வகுத்த ஏற்றத்தாழ்வைத் தெய்வத்தின் மேலேற்றி அடங்கிக் கிடந்தோரை, ‘இதை வகுத்தவர் யார்?’ என வினவச் செய்தது அவ்வியக்கம். ‘கணினி சொல்லிவிட்டது’ என்பதும் அத்தகைய மயக்கமே. கணினி தானாக எதையும் சொல்வதில்லை. அங்கே மூதாட்டியாரைத் தடுத்தது தலைவிதியன்று, நாம் எழுதிய விதி.

ஓடிச்சென்று அவரை அழைத்துவந்து, தாளில் பெயரெழுதிப் பதிவு செய்வித்தோம். அன்றிரவே விதியை நீக்கினோம். கோப்புகளுக்கு எண்ணிட்டோம், பெயர்களை அவரவர் வைத்திருந்தபடியே விட்டோம். பத்து வரி வேலைதான்! அதுமுதல், புதிய படிவம் எதையும் தோட்டத்து முதியவர் ஒருவரின் அருகிலமர்ந்து நிரப்பிப் பாராமல் நாம் வெளிவிடுவதில்லை.

தோழர்களே! ‘கணினி ஏற்கவில்லை’ என எவரேனும் சொன்னால் வாளா திரும்பாதீர்கள். இவ்விதியை எழுதியவர் யாரென்று கேளுங்கள். நம்மைப்போல் ஒருவர் எங்கோ அமர்ந்திருப்பார். அவர் காதில் அக்கேள்வி விழட்டும்.